ஏழாம் பேழை

கிண்ணம். கண்ணாடி. சிரியா.
பூசையில் இரசம் ஏந்தியிருக்கலாம்,
விளக்காகவும் எரிந்திருக்கலாம்
என்கிறது மராத்தி அட்டை.
பத்து மணியிலிருந்து ஆறு வரை
அந்த இரண்டு ‘லாம்’களுக்கும் காவல் நான்.

மண்ணுக்குள் கிடந்த ஆயிரத்தைந்நூறு வருடம்
அதன்மேல் தோலாகப் படிந்திருக்கிறது:
சசூன் டாக்கில் விடிகாலை இறங்கும்
வாவல் மீனின் வயிறு மாதிரி
நீலம், கொஞ்சம் ரோஜா, தலையைத் திருப்பினால் ஒன்றுமில்லை.
விளிம்பில் அரிசியளவு சில்லு.
யார் பல் பட்டதோ.

அப்பா குடித்தது சிரட்டையில்,
கயத்தாறு பக்கம் ஒரு டீக்கடைக்கு வெளியே நின்று.
மாதா கோயிலிலும் அவர்களுக்குத் தனி வரிசை.
பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பதை
அந்த ஊர் அப்படித்தான் படித்திருந்தது.
தாராவியில் வந்திறங்கிய அன்று
யாரோ குடித்து வைத்த கட்டிங் கிளாஸைப்
பையன் வாளியில் ஒரு முக்கு முக்கி
இவருக்கு ஊற்றி நீட்டினானாம்.
“சரியாக் கழுவக்கூட இல்ல பிள்ளே”
என்று அவர் சொல்லும்போதெல்லாம்
முகத்தில் இருப்பது அருவருப்பு அல்ல.

போன செவ்வாய் பித்ரே மேடம்
கையுறை மாட்டிப் பேழையைத் திறந்து
டார்ச் அடித்து அடியில் காட்டினார்:
பழுப்பாக ஒரு வளையம்.
எண்ணெயோ, திராட்சையோ.
ஆய்வுக்கு அனுப்பவில்லை. பட்ஜெட் இல்லை.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன்.
இரண்டில் எது என்று அவர் கேட்கவில்லை.
“எத்தன பேரு வாய் வச்சிருப்பாவ” என்றார்.
பிறகு, “கழுவிட்டாவளா?”

இல்லப்பா.
கழுவவே மாட்டாவளாம்.