பகாவ் கேட், மாலை ஆறு நாற்பது

கேட் விழுந்துவிட்டது.
சரக்கு ரயில் இன்னும்
ஏதோ ஒரு வளைவில் யோசித்துக்கொண்டிருக்கிறது.
ஒற்றைத் தண்டவாளம்.
என் கஞ்சிலுக்கு முன்னால் பதினொரு லோரிகள்,
பின்னால் எத்தனையோ,
எல்லாவற்றிலும் செம்பனைக் குலை.

முந்த முடியாத இடத்தில்
தனி ஓட்டம் என்று ஒன்று கிடையாது.
முதலாமவன் அரையடி நகர்ந்தால்
அந்த அரையடி வரிசை முழுக்க நடந்து வந்து
என் காலடியில் பிரேக்காகிறது.
இதைத்தான் நான்கு வருஷமாய் எழுதுகிறேன்,
லோரி என்று போடாமல்
எலெக்ட்ரான் என்று போட்டு.

பின்னாலிருந்து கோபிநாதன் கத்துகிறார்:
"நெருப்பு இருக்கா?"
எங்கோ முன்னால் ஒரு நீல லைட்டர் கிளம்புகிறது.
ஒருவர் இறங்கி ஒரு வண்டி தூரம் நடந்து கொடுக்க,
அடுத்தவர் இறங்கி அடுத்த வண்டிக்கு.
லோரிகள் முன்னே ஊர்கின்றன, நெருப்பு பின்னே வருகிறது.
அதற்கு ஒரு வேகம், இதற்கு ஒரு வேகம்.
எலெக்ட்ரானின் மின்னூட்டமும் தற்சுழற்சியும்
இப்படித்தான் பிரிந்து போகும் என்று
ஆய்வேட்டில் எழுத விடமாட்டார்கள்.

மோட்டார் பட்டறை மாடியில்
என் கம்ப்யூட்டர் வளையங்களைக் கணக்கிடுகிறது:
எட்டு இடம், பதினாறு, முப்பத்திரண்டு.
அறுபத்து நான்கில் நேற்று கரண்ட் போய்விட்டது.
எனக்கு வேண்டியது முடிவிலி.
கையில் இருப்பது பகாவ் அளவு.

ஆனால் மாறுநிலைக்கு அளவு தெரியாது.
பெரிதாக்கு, சுருக்கு,
இடத்துக்கு இடம் வேறுவேறாய் இழு,
கோணம் மட்டும் கலையாது.
மேட்டில் வரிசை வளைந்த பிறகும்
மூன்று செம்பனைக்கு நடுவே
முளையடித்த அறுபது பாகை
அறுபதாகவே நிற்கிற மாதிரி.
கிட்டத்தட்ட. சர்வேயர் தவசீலனிடம் கேட்டால்
அந்தக் கிட்டத்தட்டவுக்கே கோபித்துக்கொள்வார்.

அதனால் சின்ன வளையம் போதும்.
ஓர் இடத்துக்கான ஆற்றல்
எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும்;
நீளம் இரட்டித்தால் குறை கால்வாசியாகும்.
அந்தக் குறையைத் தாங்கி நிற்கும் எண்ணில்
எல்லையில்லாதது தன் கையெழுத்தைப் போட்டிருக்கும்.
நேற்றுவரை எனக்கு இரண்டு புள்ளி பூஜ்யம் ஆறு.
இரண்டாக வேண்டும்:
ஊட்டத்துக்கு ஒன்று, சுழற்சிக்கு ஒன்று.
மடக்கைகள் பிடிவாதக்காரர்கள்,
மெதுவாகத்தான் வழிவிடுவார்கள்.

ரயில் வந்து, போயும் விட்டது.
முப்பத்தேழு பெட்டி.

லைட்டர் என் ஜன்னலுக்கு வருகிறது.
நான் புகைப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்து
வாங்கிக்கொள்கிறேன். ஐந்து கைகளின் சூடு.
இறங்கி நடந்து
பின்னால் நீண்டிருக்கும் கையில் கொடுத்துத் திரும்புகிறேன்.

கேட் தூக்கியாயிற்று.
அந்த நகர்வு
இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை.