லெவிக் கணக்கு

சுங்கை ரூசா பட்டணத்தில்
நகைக்கடைக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
நான் பெர்மிட் கிராணி.
ஓர் ஆள், ஒரு வருடம்:
லெவி, மருத்துவம், காப்புறுதி, விமானம்.
கூட்டிக் கோடிழுத்தால்
ஒரு மனிதன் நாலு இலக்கத்தில் அடங்கிவிடுவான்.

கீழ்த்தெருவில் அப்பளசாமி மகன் நாகேஸ்வரின் பட்டறை.
செத்துப்போன மோட்டார் சைக்கிளின் இஞ்சின்,
மூன்று டிராக்டர் டயர்,
மீதியெல்லாம் அவன் மண்டைக்குள் இருந்தது.
சதுப்பில் புதையாமல் செம்பனைக் குலை சுமக்கும் வண்டி.
ஏழாம் பிளாக்கில் ஓட்டிக் காட்டினான்.
நாலு பேர் சுமை. சேறு தெறித்த சட்டையோடு
மேனேஜர் கைதட்டினார்.
பிறகு என் பக்கம் திரும்பினார்:
"வண்டி என்ன விலை? நாலு பெர்மிட் என்ன விலை?"

கூட்டினேன். என் கூட்டலில் தப்பில்லை.
வண்டி தோற்றது.

மானியம் உண்டு என்றார்கள்.
பாரத்தை நானே நிரப்பினேன், ராத்திரியில், சம்பளமில்லாமல்.
மூன்று வருடத் தணிக்கை அறிக்கை.
புத்தாக்கத்தை ஐந்நூறு சொற்களில் விளக்குக.
"வந்து பாக்கச் சொல்லு, அஞ்சே நிமிசம்" என்றான் நாகேஸ்.
அதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை.

நோய் வந்த வருடம் எல்லை மூடியது.
குலைகள் மரத்தடியில் உதிர்ந்து புளித்தன,
பஸ்ஸில் வரும்போதே மூக்கில் காடி வாசம்.
என் மேசையில் வெறும் பாரங்கள்.
மேனேஜர் நடந்தே போனார் பட்டறைக்கு:
"பத்து வண்டி. எவ்வளவு சீக்கிரம்?"

ஏழு முடித்தான்.
வெல்டிங் பழக மூன்று பையன்கள், பில் போட ஒரு பெண்.
வளர்ச்சி என்று பத்திரிகையில் வரும் சொல்
எங்கள் தெருவில் இரும்பறுக்கும் சத்தமாக இருந்தது.
நகைக்கடைக்காரர் இரண்டு தடவை புகார் கொடுத்தார்.

எட்டாவதுக்குச் சட்டம் வளைத்துக்கொண்டிருந்தபோது
மேலிடத்தில் வேறு சட்டம் வளைந்தது.
எல்லை திறந்தது, லெவி இறங்கியது.
சுற்றறிக்கை என் கைக்குத்தான் முதலில் வந்தது.

முதல் விமானத்தில் வந்த லொம்போக் இளைஞன்
வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான்.
"எனக்கு இதைத் தருவார்களா?" என்றான்,
தோளைத் தடவியபடி.

மறுபடி கூட்டச் சொன்னார்கள். கூட்டினேன்.
யாரும் கேட்காத ஒரு வரியைச் சேர்த்தேன்:
புளித்த குலை, நூற்றுப் பன்னிரண்டு டன்.
"இது போன வருசத்துக் கணக்காச்சே" என்றார் மேனேஜர்.
பேனாவை எடுத்தார்.
அடிக்கவில்லை.

கோப்பு கோலாலம்பூர் போயிருக்கிறது.
எட்டாவது வண்டி இன்னும்
ஒரு சக்கரத்தோடு நிற்கிறது.