பழைய எண் 17, புதிய எண் 42

இணைப்பு என் பெயரில்.
ஆதார் நகல் கொடுத்தது நான்,
மாடிப்படி வளைவில் ஆணி அடித்து
அந்த வெள்ளை டப்பாவை மாட்டியதும் நான்.
எலி கடிக்காமலிருக்க ஒயரின் மேல்
பழைய சைக்கிள் டியூப்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஒரே வாசல், ஒன்பது குடித்தனம்,
மாதம் வீட்டுக்கு எழுபது ரூபாய்.
தேசப்பன் மட்டும் அறுபது தருவார்.
கடைசி அறை, சுவர் தடுக்கிறதாம்.

உள்ளே எல்லோருக்கும் ஓர் எண் உண்டு.
ஜெபகனி நூற்று நான்கு.
எந்த ஊரிலோ நின்றுபோன வாஷிங் மெஷினுக்காக
இரவெல்லாம் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பாள்.
யூனுஸ் நூற்று ஏழு, ஹார்பர் கண்டெய்னர் பில்.
கோட்டம்மா பையன் நூற்றுப் பதினொன்று,
நீட் மாதிரித் தேர்வு என்கிறான்.
நான் எட்டிப் பார்த்ததில்லை.

கேட்டைத் தாண்டும்போது
இந்த எண்கள் எதுவும் கூடப் போகாது.
டப்பா ஒவ்வொரு கேள்வியின் முதுகிலும்
தன் முகவரியை எழுதி அனுப்புகிறது.
கேட்டது யார் என்பதை மட்டும்
உள்ளங்கையில் கிறுக்கி வைத்துக்கொள்கிறது.
பதில் வந்ததும் கையைப் பார்த்துப் பார்த்து
மன்னிப்பு நூற்று நான்குக்கு,
பில் நூற்று ஏழுக்கு.
ஒருநாளும் மாற்றிக் கொடுத்ததில்லை.
கேட்காமல் வருவதை வாசலிலேயே போட்டுவிடும்.
கொஞ்ச நேரம் பேச்சு நின்றால்
கையையும் துடைத்துக்கொள்ளும்.

அதனால்தான்
சைபர் க்ரைமிலிருந்து வந்த தம்பி
டப்பாவை அண்ணாந்து பார்த்து நின்றபோது
அது நான்கு பச்சை விளக்கையும் சிமிட்டியதே தவிர
வேறொன்றும் சொல்லவில்லை.

"ஒம்பதாம் தேதி, ராத்திரி ரெண்டு பதினாலு.
லோன் கம்பெனி புகார்ப் பக்கத்துல
நூத்தி நாப்பது தடவ ஒரே கெட்ட வார்த்த.
உங்க வீட்டு முகவரிம்மா."

எங்க வீட்டுதே இல்லை சார், தெருவுக்கே ஒண்ணு.
கேபிள்காரர் சொல்லியிருக்கிறார்:
எங்கள் டப்பாவுக்கு மேலே அவரிடம் ஒரு டப்பா,
அதன் முதுகில் அறுபது வீடு.

"தெரியும்" என்றார் களைத்துப்போய்.
பட்டியலில் நான் முப்பத்தெட்டாவது.
ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.
"இந்த ஏரியான்னாலே இப்படித்தான்"
என்று செருப்பை மாட்டினார்.

அந்த லோன் பக்கத்தை நானும் பார்த்திருக்கிறேன்.
பெயர் கேட்கும், சம்பளம் கேட்கும்,
அம்மா பெயர்கூடக் கேட்கும்.
கடைசியில் பின்கோடு.
அறுநூறு, பூஜ்யம், இருபத்தொன்று என்று அடித்ததும்
சக்கரம் சுற்றும்:
தற்போது உங்கள் பகுதியில் சேவை இல்லை.
எனக்கு அன்று வாயில் வந்ததும்
ஏறக்குறைய அதே வார்த்தைதான்.

இரவு பாஸ்வேர்டை மாற்றினேன்.

ஆறு மணிக்கே ஜெபகனி கதவைத் தட்டினாள்,
வேலை போய்விடும் என்று அழாத குறை.
யூனுஸ் பல் துலக்கியபடி வந்தார்.
தேசப்பன் வந்து
இந்த மாதம் ஐம்பதுதான் என்றார்.
மதியத்துக்குள் ஏழு வீடு கேட்டு வாங்கிப் போனது.
என்னோடு எட்டு.

ஒரு வீடு கேட்கவில்லை.
சாயந்திரம் வரை பார்த்தேன்.
விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது,
யாரும் படியேறி வரவில்லை.

கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றுவிட்டிருந்தது,
தெருவெல்லாம் ஹாரன்.
மளிகைச் சீட்டின் பின்பக்கம் பத்து எழுத்து எழுதி
நான்காய் மடித்து
அந்தக் கதவின் அடியில் தள்ளினேன்.

பாதிதான் போனது.
மீதியை
உள்ளேயிருந்து ஒரு விரல் இழுத்துக்கொண்டது.