பாப்பம்

நாலு வருசம்
என் கோப்பு பீடாதிபதியின் லாச்சியில் கிடந்தது.
கேட்கப் போனால் கதிரை காட்டுவார்,
பிளேன்ரீ வரும்,
மகனின் லண்டன் கதை வரும்,
எழும்பும்போது அந்த ஒரு சொல்:
‘பாப்பம்.’

அந்த நாலு வருசத்தில் எழுதியது ஒரேயொரு கட்டுரை.
அதுவும் அரைகுறை.
கோண்டாவில் கிணறுகளில் அள்ளிய தண்ணீர்
போத்தல்களில் பெயர் அழிந்து நின்றது.
புகையிலைத் தோட்டத்து நைத்திரேற்று எவ்வளவென்று
எனக்கும் தெரியாது,
குடித்தவர்களுக்கும் தெரியாது.
கிழமைக்குப் பதினெட்டு மணித்தியாலம் விரிவுரை,
திருத்த இருநூறு விடைத்தாள்,
பட்டமளிப்புக்குப் பந்தல் கமிற்றி.
வருட முடிவில் மூதவையில் ஆய்வுக் கணக்கு.
பூச்சியத்துக்குப் பக்கத்தில் என் பெயரை
அவர்தான் வாசித்தார்.
தொண்டையைச் செருமக்கூட இல்லை.

பிறகு எமல்டா மிஸ் துறைத்தலைவராக வந்தார்.
கொள்கை ஒன்றும் பேசவில்லை.
நேர அட்டவணையை இழுத்தெடுத்து
பச்சைப் பேனையால்
என் செவ்வாயையும் வியாழனையும் வெட்டினார்.
‘இந்த ரெண்டு நாளும் நீர் கிணத்தடியில நில்லும்.
பேராதனைக்குப் போற லீவுக் கடிதம் எங்க?
இப்பவே தாரும்.
பீடாதிபதியிட்ட நானே கொண்டு போறன்.’
கையொப்பம் வைக்க எடுத்தது
எறும்பொன்று அந்த மேசையைக் கடக்கும் நேரம்.
பாதி மேசை என்றும் சொல்லலாம்.

ஆறு வருசம்.
ஒன்பது கட்டுரை, கலாநிதிப் பட்டம்,
நாற்பத்தொரு கிணற்றின் கணக்கு.
ஊரெழுவில் ஒரு தாய்
பிள்ளைக்குப் பால் கரைக்கும் தண்ணீரை மாற்றினாள்.
என் மூளை அதே மூளைதான்.
ஆய்வுகூடத்தில் அதே பழைய நிறமாலைமானி,
பக்கத்தில் தட்டினால்தான் முள் அசையும்.
தர உறுதிப் படிவத்தை இரண்டு முறை புரட்டினேன்.
வெட்டிய செவ்வாய்க்கும் வியாழனுக்கும்
அதில் நிரல் இல்லை.

இப்போது அந்தக் கதிரையில் நான்.
இன்று காலை சுகிர்தன் வந்தான்,
மட்டை உறையில் பதவியுயர்வு விண்ணப்பம்,
ஓரமெல்லாம் வியர்வை.
மேசையில் கணக்காய்வுக் கடிதம்,
கிளிநொச்சிக்கு வாகன ஒழுங்கு,
பத்தரைக்குக் கூட்டம்.
நிமிராமலே சொன்னேன்:
‘வச்சிட்டுப் போம் தம்பி. பாப்பம்.’

வாய் என்னுடையது. குரல்?

லாச்சி பாதி திறந்திருந்தது.
உறை என் கையில்.
பத்து இருபத்தேழு.
‘யோகராசா அண்ணை,
அந்தத் தம்பி படியிறங்கீற்றாரோ?
ஒருக்காக் கூப்பிடுங்கோ,
ஓடிப்போய்க் கூப்பிடுங்கோ.’