கூறல்

பாசையூர்ச் சந்தையில் விடிய ஐந்தரைக்கு
சீமெந்து நிலத்தில் மீன் கொட்டுப்படும்.
யசிந்தா சீலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு
விளைமீன் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பாள்.
"ஆயிரத்து நூறு. நூற்றைம்பது. ஆர் இருநூறு?"
அந்தக் குரல் வாடைக்காற்றைத் தள்ளிக்கொண்டு
அந்தோனியார் கோயில் மதில் வரைக்கும் போகும்.

நான் மோட்டார்சைக்கிள் பெட்டியில் மீன் விற்கிறவன்.
பத்துக் கிலோவுக்கு மேல் கேட்க என்னிடம் காசில்லை.
அதனால் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும்.

சென்னையில் அவளுக்கு வேறு பேர்.
யசிந்தா என்றால் போஸ்டரில் நிற்காது என்று
ஒரு தயாரிப்பாளர் சோடா குடித்துக்கொண்டே வைத்தது.
மூன்று படம். இரண்டில் சாவாள்.
மற்றதில் கதாநாயகனின் தங்கை,
அதுவும் கலியாணம் வரைக்கும்தான்.

முகத்தை எடுத்தார்கள். பேச்சை எடுக்கவில்லை.
"உன் தமிழ் தியேட்டர்ல யாருக்கும்மா புரியும்?"
ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒரு பெண், ஆறு மாத வயிறு,
தயிர்ச்சாதப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு
திரையில் யசிந்தாவின் வாயைப் பார்த்துப் பார்த்து அழுதாளாம்.
"எனக்குக் கிளிசரின். அவளுக்கு உண்மையா வந்தது,"
கணவாய் மையை விரலால் வழித்தபடி சொன்னாள்.
"பேர் கேக்காமல் வந்திட்டன்."

போன வருசம் தேத்தண்ணிக் கடை டிவியில் அந்தப் படம்.
வாங்கில் ஏறி நின்று பார்த்தோம்.
எலும்பும் தோலுமாய், எங்கள் யசிந்தா.
வாயைத் திறந்தாள்.
தேன் போட்ட ஒரு குரல் "அத்தான்" என்றது.
அருளப்பு சிரித்ததில் பிளேன்ரீ சிந்தியது:
"இது ஆற்றை தொண்டை?"
அவள் சிரிக்கவில்லை. டிவியை நிப்பாட்டவும் சொல்லவில்லை.
முடியுமட்டும் நின்று அந்தக் குரலைக் கேட்டாள்,
காசு எண்ணுகிறவள்போல் உதடு அசைய.

மார்கழியில் ஒரு கிழமை தொண்டை அடைத்துவிட்டது.
கற்கண்டு, வேர்க்கொம்பு, ஒன்றுக்கும் அசையவில்லை.
"நான் கூறிவிடுறன், நீ பக்கத்தில நில்லக்கா," என்றான் அருளப்பு.
அவள் பார்த்த பார்வையில்
செத்த சாளையும் திரும்பிப் படுத்திருக்கும்.

அன்று கூறல் விரலில் நடந்தது.
ஒரு விரல் நூறு. மடக்கின விரல் ஐம்பது.
நாற்பது ஆம்பிளைகள், எஞ்சின் நிறுத்திய வள்ளங்கள்,
ஒருத்தரும் கனைக்கக்கூட இல்லை.
பாரைக்குவியல் வழமையைவிடக் கூடப் போனது.

எனக்கும் ஒரு கூறு திரளி விழுந்தது.
நான் கேட்கவே இல்லை;
காதில் இருந்த இலையானைக் கலைக்கக் கையைத் தூக்கினேன்.
அவள் கொப்பியில் எழுதிவிட்டாள்.
எழுதினால் எழுதினதுதான்.