நானூறு கிராம்

பழைய லேப்டாப் இரண்டே முக்கால் கிலோ.
அதன் சார்ஜர் தனியாக முக்கால், செங்கல் மாதிரி.
பர்கூரில் பஸ் ஏறும்போது
முதலில் இடது தோள் ஏறும்,
பிறகுதான் நான்.

குவாரியில் வெடி வைக்கையில்
பக்கத்து ஊர்ச் சுவர் எவ்வளவு நடுங்குகிறது என்று
அளந்து கொடுப்பது என் வேலை.
மில்லிமீட்டரில் நடுக்கம்.
கிலோவில் மூட்டை.

புதியதைப் போன மாதம் ஓசூரில் வாங்கினேன்.
கடைப் பையன் இரண்டு விரலில் தூக்கிக் காட்டினான்:
"ஒண்ணு புள்ளி ஒண்ணு மேடம்,
நோட்டு மாதிரி."
நோட்டு மாதிரிதான்.
பேனாவை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

அதற்கு வாய் இரண்டே இரண்டு.
என் கருவியின் கேபிளுக்கோ ஒன்பது பல்.
இதை அதில் மாட்ட ஒரு இணைப்பு,
இணைப்பை மாட்ட ஒரு ஹப்,
உள்ளே இடம் போதாதென்று வெளியே ஒரு டிஸ்க்,
மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிடும் என்று
ஒரு பவர் பேங்க்.
திரை பளபளப்பு. வெயிலில் திறந்தால்
அலைக்கோடு தெரிய வேண்டிய இடத்தில்
என் மூக்கு தெரிகிறது.
அதற்கு ஒரு கறுப்புக் குடை.

சந்தூரில் பஸ் மாறும் நேரம்.
மாங்காய் மண்டியில் தராசு காலியாக இருந்தது.
போன வருடம் இதே தராசில்
பழைய மூட்டை ஐந்து கிலோ முன்னூறு.
இப்போது வைத்தேன்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி
நாலு தொள்ளாயிரத்தில் நின்றன.

"நானூறு கிராம் எளச்சிருக்குது" என்றாள்
கணக்கு எழுதும் நாகவேணி.
மாதம் நாலாயிரத்து இருநூறு,
பதினெட்டுத் தவணை என்றேன்.
அவள் குவியலில் தேடி
ஒரு கிளிமூக்குக் காயை எடுத்து
என் பைக்குள் போட்டாள்.
ஐந்து முன்னூறு.
சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

ஹெட்போனைப் பற்றிச் சொல்லவில்லையே.
காதை முழுக்க மூடும் பெரியது.
அதன் டப்பாவே ஒரு டிபன் பாக்ஸுக்கான இடம்.
வெளிச் சத்தத்தை விழுங்கும் என்று
அட்டையில் போட்டிருந்தது.
விழுங்கியது.
போச்சம்பள்ளிப் பக்கத்துக் குன்றில் அமர்ந்து
பெங்களூர் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன்.
கம்ப்ரசர் இல்லை, லாரி இல்லை,
பாறையில் துளை போடும் இரும்பு
ஆடுகிறது, ஆனால் ஊமை.
இத்தனை வருடத்தில்
இவ்வளவு அழகாக இருந்ததில்லை அந்தக் குவாரி.

குடையில் ஒரு சிறு கல் விழுந்தது.
கேட்கவில்லை. கம்பி வழியே கைக்கு வந்தது.
திரும்பினால் திம்மராயன்,
சிவப்புக் கொடியை உதறி உதறி,
வாய் மட்டும் திறந்து மூடுகிறது.
கழற்றினேன்.
"ரெண்டு விசில் அடிச்சாச்சுங்க!
மூணாவது அடிக்கவா, உங்கள வந்து தூக்கவா?"

கொட்டகைப் பின்னால் ஓடினோம்.
குடை அங்கேயே நின்றது.
வெடித்தது.
கருவி தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டது:
மூன்று புள்ளி நாலு. அனுமதிக்குள்தான்.
என் முழங்காலை யாரும் அளக்கவில்லை.

பையின் அடியில், சில்லறைக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவே,
பழைய ஒயர் இயர்போன் கிடந்தது.
இடது காது போன தீபாவளியோடு செத்துவிட்டது.
வலது பேசும்.
மாட்டிக்கொண்டேன்.
வலப்பக்கம் பெங்களூர்,
"நடுவுல எங்கே போனீங்க?" என்கிறது.
இடப்பக்கம் மலை. அதன் லாரிகள். திம்மராயனின் இருமல்.

மீட்டிங் முடிந்ததும் காயை அறுத்தோம்.
உப்பு அவர் வைத்திருந்தார், மிளகாய்த்தூளோடு.
பாதி அவருக்கு, பாதி எனக்கு.
கொட்டையை எறிந்துவிட்டுப்
பையைத் தோளில் மாட்டினேன்.
அப்படியே கனத்தது.
பேட்டரி பதினொரு சதவீதம்.
நாலரை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.