இடைவேளைக்குப் பிறகு

மூன்றேகாலுக்கு அடுப்பு மூச்சு வாங்கும்.
ஓல்ட்டனுக்கு வெளியே, தண்டவாளத்துக்கும் ஆரே ஆற்றுக்கும் நடுவில்
இரவெல்லாம் பாண் பிறக்கிற கட்டடத்தில்
எங்களுக்குப் பதினெட்டு நிமிடம்.

திங்கள் இரவென்றால் தவநேசனின் தீர்ப்பு நாள்.
ஞாயிறு பகல் படம் பார்த்து வந்தவன்
வலைத்தொப்பியைக் கழற்றாமல், மாப்படிந்த கண்ணாடியோடு சொல்லுவான்:
"முதல் பாதி பிழையில்லை.
ரெண்டாம் பாதிதான் படம்."

நட்சத்திரம் கொடுக்கமாட்டான். கிப்ஃபெலி.
ஐந்துக்கு மூன்றரை.
ஐந்துக்கு ஒன்று, அதுவும் அடி கருகினது.
ஒரே ஒருமுறை, ஒரு தட்டு முழுக்க.

அந்தத் தட்டுப் படத்தை இப்படிச் சொன்னான்:
காணாமற்போன அண்ணனைத் தேடுகிறாள் தங்கை.
தேடித் தேடி இடைவேளை வருகிறது.
பிறகு துறைமுகத்தில் மழை. கடைசி பஸ்.
இறங்குகிறவள் கையில் ஒரு குடை; அது அவளுடையதில்லை.
யாருடையது என்று படம் சொல்லாதாம்.
அவள் அதை விரிக்கமாட்டாள்.
குடை நனையாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு
தான் நனைந்து நடப்பாள்.
"அவ்வளவுதான். பிறகு லைற்றைப் போட்டிட்டாங்கள்."

யோகமலர் தேத்தண்ணியைக் குடிக்க மறந்தாள்.
தமிழில் ஒரு சொல் தெரியாத கொசோவோக்காரன் பெஸ்னிக்
தவநேசனின் கைகளைப் பார்த்தே நனைந்துபோயிருந்தான்.

நான் போனேன். இருபத்தாறு பிராங்க்.
கண் கொட்டாமல் இருந்தேன்.
மழை வந்தது. துறைமுகமும் வந்தது.
துறைமுகத்தில் முப்பது பேரை அண்ணன் ஒருவனே அடித்தான்,
கப்பல்பெட்டி ஒன்று வெடித்தது,
அடிவாங்கினவன் ஒருவன் நெடுநேரம் ஆகாயத்தில் இருந்தான்.
தங்கையை இடைவேளையோடு எல்லாரும் கைவிட்டிருந்தார்கள்.
குடை?
பெயர்கள் ஓடி முடிந்து, சோளப்பொரி கூட்டுகிற பொடியன்
தும்புத்தடியோடு என் காலடிக்கு வரும்வரை
குடைக்காகக் காத்திருந்தேன்.

திங்கள், தேத்தண்ணி கூட எடுக்காமல் கேட்டேன்:
"எந்தக் குடையப்பா? எந்த பஸ்?
என்ர இருபத்தாறு பிராங்கைத் தாரும்."

சிரித்தது, பொதி கட்டுகிற நகுலேசன்.
"அக்கா, உங்களுக்குத் தெரியாதே?
இடைவேளை முடிய ஆள் நித்திரை.
குறட்டை பாட்டுக்கு மேலால கேக்கும்."

தவநேசன் மறுக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றி மேலங்கியில் துடைத்தான்;
மா இன்னும் பரவியது.
"சனி இரவு வேலை முடிஞ்சு நேர போறனான்.
வீட்டில படுத்தா மேல்மாடிக்காரி நடக்கிறது கேக்கும்.
அங்க இருநூறு பேர் விசிலடிக்கேக்க
நல்லா நித்திரை வருது. நான் என்ன செய்ய?"

பிறகு, கொஞ்சம் கோபமாக:
"குடை நல்லாத்தானே இருந்தது?"

மணி அடித்தது.
மா எங்களைக் கேட்காமல் பொங்கியிருந்தது.

அந்தக் கிழமை அவனோடு நான் கதைக்கவில்லை.
தட்டு அடுக்கும்போதெல்லாம் எரிச்சல்.
இவன் மேலா, படம் எடுத்தவன் மேலா
என்று பிரிக்க முடியாத எரிச்சல்.
கப்பல்பெட்டி வெடிக்கவைக்கக் காசிருந்த ஆட்களுக்கு
ஒரு குடை வாங்கத் தோன்றவில்லையே.

வெள்ளிக்கிழமை பேர்ணிலிருந்து மச்சாள் கேட்டாள்:
"அந்தப் படம் பாக்கலாமோ?
நீ பாத்தனியாமே, எப்பிடி?"

"பாருங்கோ மச்சாள். இடைவேளை மட்டும் பாருங்கோ.
பிறகு வெளியில வந்து எனக்கு ஃபோன் எடுங்கோ.
மிச்சத்தை நான் சொல்லுறன்."

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பாதிக் காசு திருப்பித் தருவாங்களோ
என்று கேட்டாள்.